வீடியோ கால் செயலியைப் பல கருவிகளில் தானாகச் சோதிப்பது எப்படி: மதுரையின் சின்னக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே லேப்டாப்பில் இரண்டு டேப் திறந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் போட்டு, முகம் தெரிந்ததும் டிக் அடித்துவிடும் பழக்கம் வெப்ஆர்டிசி (பிரவுசரிலேயே வீடியோ கால் பேசவைக்கும் தொழில்நுட்பம்) வேலை பார்க்கும் எல்லாரிடமும் இருக்கிறது. முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குக் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கும் என்று சொல்வது போலத்தான் அது. இரண்டு டேபுக்கும் ஒரே பிரவுசர், ஒரே பிராசசர். படத்தையும் ஒலியையும் சுமக்கும் பாக்கெட் (தரவுத் துண்டு) ஒன்றுகூட லேப்டாப்பை விட்டு வெளியே போவதில்லை. ஆனால் நாளைக்கு அந்தச் செயலியைத் திறக்கப் போகிறவர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், பட்ஜெட் ஆண்ட்ராய்டு போனோடு, 4ஜி சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடாக ஆடும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். எதிர்முனையில் டாக்டர் மதுரை அண்ணா நகரில், பிராட்பேண்ட் வைஃபையில் இருப்பார்.

கிராமத்து நோயாளியும் நகரத்து மருத்துவரும் திரை வழியாகப் பேசுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-களின் நடுவிலேயே தேனி வட்டாரத்தில் கண் பரிசோதனை மையங்களை நீண்டதூர வைஃபை இணைப்பால் மருத்துவமனையோடு இணைத்து, வீடியோவில் ஆலோசனை நடத்தியது. அன்றைக்கு அதற்குக் கோபுரமும் ஆன்டெனாவும் தேவைப்பட்டன. கூகுள் 2011-இல் வெப்ஆர்டிசியைத் திறந்த மூலமாக வெளியிட்டது; 2021 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அதை முழுத் தரநிலையாக அறிவித்தது. இன்றைக்குப் பிரவுசரும் ஒரு லிங்கும் போதும். லிங்க் அனுப்புவது சுலபமாகிவிட்டதால், எந்த போன், எந்த நெட்வொர்க், எந்த பிரவுசர் என்பது நம் கையில் இல்லாமல் போய்விட்டது.

இந்த வழிகாட்டி மூன்று நான்கு டெவலப்பர், ஒரு டெஸ்டர் என்று இயங்கும் குழுக்களுக்கு. வேண்டிய சாமான்கள்: லினக்ஸ் லேப்டாப் ஒன்று, வேறு வேறு விலையில் ஆண்ட்ராய்டு போன் இரண்டோ மூன்றோ, முடிந்தால் ஒரு மேக்கும் ஒரு ஐபோனும், மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இயங்கும் சர்வர்). கட்டளைகளையும் புலங்களின் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் சரியாக இருந்ததா என்று அனுப்புகிற பிரவுசரிடம் கேட்டுப் பயனில்லை, அது எப்போதும் "அனுப்பிட்டேன்" என்றுதான் சொல்லும். வாங்குகிற பிரவுசரிடம் கேட்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கான ஏற்பாடுதான்.

படி 1: எந்த ஜோடிகளைச் சோதிக்கப் போகிறோம்?

விண்டோஸ் குரோம், ஆண்ட்ராய்டு குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஐபோன் சஃபாரி என்று நான்கு வகை எடுத்தால் ஜோடி ஆறு என்று தோன்றும். உண்மையில் பதினாறு. ஏனென்றால் யார் கூப்பிடுகிறார், யார் எடுக்கிறார் என்பது இங்கே முக்கியம். கூப்பிடுகிறவரின் பிரவுசர் ஆஃபர் (எப்படிப் பேசலாம் என்ற முன்மொழிவு) தயாரிக்கிறது, எடுக்கிறவருடையது ஆன்சர் (அதற்கான பதில்) தயாரிக்கிறது. கோடெக் (படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் முறை) வரிசை, மீடியா திசை எல்லாம் அந்தப் பேச்சுவார்த்தையில்தான் முடிவாகின்றன. சஃபாரியிலிருந்து குரோமுக்குப் போகும் கால் நன்றாக இருந்து, குரோமிலிருந்து சஃபாரிக்குப் போவது உடையலாம். அதே வகை இரண்டு பக்கமும் வருவதையும் சேர்த்தால் நான்கு பெருக்கல் நான்கு. இதன்மேல் மூன்று வகை நெட்வொர்க்கை ஏற்றினால் எந்தச் சின்னக் குழுவாலும் தாங்க முடியாது.

எனவே வெட்டுங்கள். உங்கள் சர்வர் லாகில் ஒரு மாத யூசர் ஏஜென்ட் விவரத்தை (வந்தவரின் பிரவுசர், கருவி எது என்ற குறிப்பு) எடுத்து, அதிகம் வரும் மூன்று ஜோடிகளை மட்டும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டுங்கள். மிச்சம் எல்லாம் இரவில் ஓடட்டும். மருத்துவ ஆலோசனை, டியூஷன் மாதிரியான செயலிகளுக்கு ஆண்ட்ராய்டு குரோமிலிருந்து லேப்டாப் குரோம் என்பதே முதல் ஜோடியாக வர வாய்ப்பு அதிகம். புது செயலி, லாகே இல்லை என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

கோடெக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிரவுசர்கள் விபி8, எச்.264 என்ற இரண்டு வீடியோ கோடெக்கையும் ஆதரிக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 7742 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்கிறது. ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் எச்.264-க்கான வன்பொருள் வசதி இல்லாவிட்டால் குரோம் அதைப் பட்டியலிலேயே காட்டாது. செயலியில் எச்.264 மட்டும் போதும் என்று யாராவது எழுதிவைத்திருந்தால், அந்த போனில் ஒலி வரும், படம் வராது. உங்கள் போன்களில் ஒன்றாவது மலிவு ரகமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். டெவலப்பர்கள் கையில் இருக்கும் நல்ல போனில் இது தெரியவே தெரியாது.

படி 2: பொய்க் கேமரா, பொய் மைக்

தானியங்கிச் சோதனையில் கேமரா அனுமதிப் பெட்டி வந்து நின்றால் அதை அமுக்க ஆள் கிடையாது. குரோமைத் திறக்கும்போது இரண்டு ஸ்விட்ச் கொடுங்கள்: "--யூஸ்-ஃபேக்-யுஐ-ஃபார்-மீடியா-ஸ்ட்ரீம்" அனுமதிப் பெட்டியைத் தானே ஒப்புக்கொள்ளும், "--யூஸ்-ஃபேக்-டிவைஸ்-ஃபார்-மீடியா-ஸ்ட்ரீம்" நிஜக் கேமராவுக்குப் பதில் பச்சைப் பின்னணியில் சுற்றும் ஓர் உருவத்தையும், விட்டு விட்டு ஒலிக்கும் பீப் சத்தத்தையும் தரும். ஃபயர்ஃபாக்ஸில் இதே வேலைக்கு "மீடியா.நேவிகேட்டர்.ஸ்ட்ரீம்ஸ்.ஃபேக்", "மீடியா.நேவிகேட்டர்.பெர்மிஷன்.டிசேபிள்ட்" என்ற இரண்டு அமைப்புகளையும் ட்ரூ ஆக்க வேண்டும்.

இணைப்பு வருகிறதா என்று பார்க்கப் பச்சைத் திரை போதும். தரத்தை அளக்க வேண்டுமென்றால் உங்கள் சொந்த வீடியோவை ஊட்டுங்கள். "--யூஸ்-ஃபைல்-ஃபார்-ஃபேக்-வீடியோ-கேப்சர்" என்ற ஸ்விட்ச் ஒய்4எம் அல்லது எம்ஜேபெக் கோப்பை ஏற்கும். ஒய்4எம் சுருக்கப்படாத வடிவம்: 640-க்கு 480 படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 4,60,800 பைட். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால், பத்து விநாடிக் கோப்பே கிட்டத்தட்ட 138 எம்பி வரும். அதைக் கோடு சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள். வீடியோவை வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கட்டளையை ஸ்கிரிப்டில் வைத்து, சோதனை தொடங்கும்போது உருவாக்கிக்கொள்ளுங்கள். எம்ஜேபெக் எவ்வளவோ சின்னது. பெரும்பாலான சோதனைக்கு அதுவே போதும்.

வீடியோவின் மூலையில் ஃபிரேம் எண்ணைப் பெரிதாக, அல்லது க்யூஆர் கோடாகப் பதித்துவிடுங்கள். வாங்கும் பக்கம் அதைப் படித்தால், எந்த ஃபிரேம் எத்தனை மில்லிவிநாடி கழித்து வந்தது, நடுவில் எத்தனை காணாமல் போனது என்று தெரிந்துவிடும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாது என்பதால், தாமதத்தை அளக்கும் சோதனையை மட்டும் ஒரே மெஷினில் இரண்டு பிரவுசரை வைத்து, மீடியாவை டர்ன் சர்வர் (நேரடியாக இணைய முடியாதபோது நடுவில் நின்று கடத்தும் சர்வர்) வழியாகச் சுற்றிவரச் செய்து அளப்பது சுலபம்.

ஒலிக்கு பீப் வேண்டாம், பேச்சு வேண்டும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஒலிக்கும் சத்தத்தை நாய்ஸ் சப்ரஷன் (பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் வசதி) இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடலாம். அப்போது செயலி சரியாக இருந்தும் சோதனை தோற்கும். யாரையாவது நிதானமாகத் தமிழில் பேசவைத்து வேவ் கோப்பாகப் பதிவு செய்து "--யூஸ்-ஃபைல்-ஃபார்-ஃபேக்-ஆடியோ-கேப்சர்" வழியாகக் கொடுங்கள். கோப்பு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரு தடவை மட்டும் போதுமென்றால் கோப்புப் பெயரின் கடைசியில் விழுக்காட்டுக் குறியோடு "நோலூப்" என்று சேர்க்க வேண்டும்.

படி 3: போனில் கேமரா ஏன் திறக்கவில்லை?

லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட்டில் ஓடிய பக்கத்தை போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியில் திறந்தால் "மீடியாடிவைசஸ்" என்ற பொருளே இருக்காது. கேமராவும் மைக்கும் எச்டிடிபிஎஸ் பக்கத்திலோ லோக்கல்ஹோஸ்ட்டிலோ மட்டும்தான் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. போனை யுஎஸ்பியில் இணைத்து, ஏடிபி (லேப்டாப்பிலிருந்து ஆண்ட்ராய்டு போனை இயக்கும் கருவி) வழியாக "ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:3000 டிசிபி:3000" கொடுங்கள். போனின் லோக்கல்ஹோஸ்ட் 3000 இப்போது உங்கள் லேப்டாப்பின் 3000. எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தொல்லை இல்லை. பக்கமும், காலைத் தொடங்க இரு பக்கமும் பரிமாறும் சிக்னலிங் செய்திகளும்தான் யுஎஸ்பி வழியாக வரும், மீடியா போனின் சொந்த நெட்வொர்க்கில்தான் போகும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஐபோனுக்கு இந்த வழி இல்லை. எம்கேசர்ட் மாதிரி ஒன்றில் சான்றிதழ் செய்து போனில் ஏற்றலாம். ஏற்றிய பிறகும் செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட், சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ் போய் அதைத் தனியாக இயக்கினால்தான் நம்பும். இதோடு மல்லுக்கட்டுவதைவிட, விபிஎஸ்ஸில் ஒரு ஸ்டேஜிங் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) டொமைனும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழும் வைத்துக்கொள்வதே என் சிபாரிசு. எப்படியும் டர்ன் சர்வருக்கு அந்த விபிஎஸ் வேண்டும்.

படி 4: எல்லாக் கருவியையும் ஒரே கையில் பிடிப்பது

சாதாரண வெப் சோதனையில் பிரவுசர் ஒன்றுதான். இங்கே இரண்டு மூன்று பிரவுசர், வேறு வேறு மெஷினில், ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் அடுத்ததைச் செய்ய வேண்டும். ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் எழுதி, நேரம் பார்த்து ஓடவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஒரே புரோகிராம் எல்லா பிரவுசரையும் பிடித்திருக்க வேண்டும்.

டெஸ்க்டாப் குரோம் மட்டும் போதும் என்றால் ப்ளேரைட் என்ற பிரவுசர் சோதனைக் கருவி அருமை. ஆனால் அதிலுள்ள வெப்கிட்டை (சஃபாரியின் அடிப்படை எஞ்சின்) சஃபாரி என்று எண்ணிவிடாதீர்கள்; அது வெப்கிட்டின் மூலநிரலிலிருந்து அவர்கள் தனியாகக் கட்டியது. லினக்ஸிலோ விண்டோஸிலோ அது பாஸ் ஆனால் ஐபோனைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்துவிடவில்லை.

நிஜக் கருவிகள் வரும்போது வெப்டிரைவர் (பிரவுசரை வெளியிலிருந்து இயக்கும் நெறிமுறை) குடும்பத்துக்குப் போங்கள். டெஸ்க்டாப் குரோமுக்கு குரோம்டிரைவர், ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோடிரைவர், ஆண்ட்ராய்டு குரோமுக்கும் ஐபோன் சஃபாரிக்கும் அப்பியம், மேக் சஃபாரிக்கு சஃபாரிடிரைவர். எல்லாம் ஒரே நெறிமுறை பேசுவதால் ஒரே சோதனைக்குள் அடக்கலாம். வெப்டிரைவர்ஐஓ என்ற சோதனைக் கருவியில் மல்ட்டிரிமோட் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது: "டாக்டர்", "நோயாளி" என்று இரண்டு பெயர் வைத்து, ஒன்று லேப்டாப் குரோம், மற்றது ஆண்ட்ராய்டு போன் என்று அமைப்பில் எழுதிவிட்டால், சோதனையை நாடக வசனம் போல எழுதிக்கொண்டு போகலாம். நினைவில் வைக்க வேண்டிய வரம்பு: சஃபாரிடிரைவர் ஒரு மேக்கில் ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான் தரும். சஃபாரிக்கு சஃபாரி சோதிக்க ஒரு மேக்கும் ஓர் ஐபோனும் வேண்டும்.

சோதனையின் எலும்புக்கூடு இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது அறைப் பெயர். டாக்டர் உள்ளே போகிறார்; "காத்திருக்கிறோம்" என்று திரையில் வரும்வரை பொறுக்கிறோம். நோயாளி உள்ளே போகிறார். இரண்டு பக்கமும் கனெக்‌ஷன்ஸ்டேட் "கனெக்டட்" ஆகும்வரை, அதிகபட்சம் 15 விநாடி காத்திருக்கிறோம். பத்து விநாடி மீடியா ஓடவிட்டு அளக்கிறோம். வெளியேறுகிறோம்; எதிர்ப்பக்கம் "கால் முடிந்தது" காட்டுகிறதா என்று பார்க்கிறோம்.

நடுவில் எங்கேயும் "5 விநாடி தூங்கு" என்று எழுதாதீர்கள். எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அந்த நிலையின் பெயரைச் சொல்லிக் காத்திருங்கள். மீடியாவை ஓடவிடும் அந்தப் பத்து விநாடிக்கு மட்டும் விதிவிலக்கு.

பியர் கனெக்‌ஷனைப் பிடிப்பது அடுத்த சிக்கல். ஒரு காலின் இணைப்பைத் தாங்கும் அந்தப் பொருளைச் செயலியின் கோடு எங்கேயோ உள்ளே வைத்திருக்கும். பக்கம் லோட் ஆகும் முன்பே ஒரு சின்ன ஸ்கிரிப்டை நுழைத்து, "ஆர்டிசிபியர்கனெக்‌ஷன்" கன்ஸ்ட்ரக்டரைச் சுற்றி ஓர் உறை போட்டு, உருவாகும் ஒவ்வொன்றையும் விண்டோவில் ஒரு பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ப்ளேரைட்டில் "ஆட்இனிட்ஸ்கிரிப்ட்", குரோம்டிரைவரில் டெவ்டூல்ஸ் கட்டளை வழியாக இதைச் செய்யலாம். சஃபாரியில் இந்த நுழைப்பு கைகொடுக்காவிட்டால், ஸ்டேஜிங் பில்டில் மட்டும் செயலியே அதை வெளிக்காட்டும்படி டெவலப்பரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வரி வேலை.

படி 5: தீர்ப்பு சொல்லும் எண்கள்

இதுதான் விஷயத்தின் மையம். மற்றதை வேகமாகப் படித்திருந்தாலும் இங்கே நிதானியுங்கள்.

"கெட்ஸ்டாட்ஸ்" என்ற அழைப்பு பியர் கனெக்‌ஷனின் உள்விவரம் எல்லாவற்றையும் கொடுக்கும். பெரும்பாலான எண்கள் கால் தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. எனவே ஒரு தடவை எடுத்துப் பயனில்லை. ஐந்து விநாடி இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துக் கழியுங்கள்.

ஓர் உதாரணம். வாங்கும் பக்கத்தில் "இன்பவுண்ட்-ஆர்டிபி" வீடியோவில் "ஃபிரேம்ஸ்டீகோடட்" முதலில் 1210, ஐந்து விநாடி கழித்து 1352. வித்தியாசம் 142, விநாடிக்கு 28.4 ஃபிரேம். நல்ல கால். அதே நேரத்தில் ஒலியில் "டோட்டல்சாம்பிள்ஸ்ரிசீவ்ட்" 2,40,000 கூடியிருக்கிறது, "கன்சீல்டுசாம்பிள்ஸ்" 3,600 கூடியிருக்கிறது. அதாவது ஒலியில் 1.5 விழுக்காடு வந்துசேராமல், பிரவுசர் ஒட்டுப்போட்டு நிரப்பியது. காதுக்குப் பெரிதாகத் தெரியாது. இது 10 விழுக்காட்டைத் தாண்டினால் வார்த்தைகள் முழுங்கப்படும். "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா" என்று நோயாளி மூன்று தடவை கேட்பார். பாக்கெட் இழப்பு எண்ணைவிட இந்த எண்ணையே நான் நம்புவேன். தொலைந்த பாக்கெட்டை மீட்டுக்கொள்ள வழிகள் இருக்கின்றன. ஒட்டுப்போட்ட ஒலி, பேசியவர் சொன்னதே கிடையாது.

ஃபிரேம் எண்ணிக்கை கூடினாலே படம் வருகிறது என்று முடிவு கட்டவும் கூடாது. கேமராவை ஆஃப் செய்தால் பிரவுசர் கறுப்பு ஃபிரேம்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். டீகோடரும் அவற்றை எண்ணிக்கொண்டே இருக்கும். எனவே வீடியோவை 64-க்கு 48 அளவுள்ள ஒரு கேன்வாஸில் வரைந்து, பிக்சல் மதிப்புகளில் ஏற்ற இறக்கம் இருக்கிறதா, ஒரு விநாடி கழித்து எடுத்தது முதல் படத்திலிருந்து மாறியிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். முதலாவது கறுப்புத் திரையைப் பிடிக்கும், இரண்டாவது உறைந்த படத்தைப் பிடிக்கும். ஒலிக்கும் இதே கதை. மைக்கை மியூட் செய்தாலும் பாக்கெட் வரும். "டோட்டல்ஆடியோஎனர்ஜி" கூடுகிறதா என்று பார்த்தால்தான் உள்ளே குரல் இருக்கிறதா என்று தெரியும்.

இரண்டு திசையையும் தனித்தனியாக அளங்கள். "எனக்குக் கேட்குது, அவருக்குக் கேட்கலையாம்" என்பதுதான் இந்தத் துறையில் அதிகம் வரும் புகார். ஒரு பக்கம் மட்டும் அளக்கும் சோதனை அதைப் பார்க்காமலே பச்சை விளக்கு காட்டும்.

வேறு சில கண்ணிகள். "ஜிட்டர்", "ரவுண்ட்டிரிப்டைம்" இரண்டும் விநாடியில் வரும், மில்லிவிநாடியில் வராது. 0.08 என்று பார்த்துவிட்டு "அட, ஒன்றுமே இல்லையே" என்று நினைத்தால், அது 80 மில்லிவிநாடி. "பாக்கெட்ஸ்லாஸ்ட்" சில சமயம் கழித்தல் எண்ணாகக்கூட வரும். ஒரே பாக்கெட் இரண்டு தடவை வந்தால் கணக்கு அப்படித்தான் ஆகும். எல்லா பிரவுசரும் எல்லாப் புலத்தையும் தராது. இல்லாத புலத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் சோதனை பொய்யாக பாஸ் ஆகும். புலம் இல்லை என்றால் "அளக்க முடியவில்லை" என்று தனியாகக் குறித்துவிடுங்கள்.

அனுப்பும் பக்கம் ஒரே ஒரு புலத்துக்காக எட்டிப் பாருங்கள்: "குவாலிட்டிலிமிட்டேஷன்ரீசன்". படம் மங்கினால் காரணம் சிபியுவா, பேண்ட்வித்தா என்று அது சொல்லும். தீர்ப்பு வாங்குபவருடையது, நோய்க்குக் காரணம் அனுப்புபவரிடம் இருக்கலாம்.

தாமதத்துக்கு எந்த வரம்பு? ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குப் பாதிப்பில்லை என்று ஐடியு-டி என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. நல்ல நெட்வொர்க் சோதனைக்கு அதை வரம்பாக வையுங்கள். கிராமத்து 4ஜி சோதனைக்கு அதே வரம்பை வைத்தால் தினமும் சிவப்பு விளக்குத்தான்.

படி 6: உசிலம்பட்டி நெட்வொர்க்கை மேசைக்குக் கொண்டுவருவது

லினக்ஸ் லேப்டாப்பை ஹாட்ஸ்பாட் ஆக்கி, சோதனை போனை அதில் சேருங்கள். இப்போது அந்த லேப்டாப்தான் போனுக்கு ரூட்டர். "டிசி" கட்டளையின் நெட்எம் (நெட்வொர்க்கை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டும்) வசதியால் தாமதம், இழப்பு, வேகக் கட்டுப்பாடு எல்லாம் போடலாம். நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டைத்தான் தொடும் என்பது பலருக்கும் பிடிபடாத இடம். ஹாட்ஸ்பாட் இன்டர்ஃபேஸில் போட்டால் போனுக்கு வருவது கெடும். இணையத்தை நோக்கிய இன்டர்ஃபேஸில் போட்டால் போனிலிருந்து போவது கெடும். இரண்டு பக்கமும் கெடுக்க வேண்டுமானால் இரண்டிலும் போடுங்கள். எதிர்முனைக் கருவி இந்த லேப்டாப்பிலேயே இருக்கக் கூடாது, வேறு மெஷினாக இருக்கட்டும்.

நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் மூன்று அமைப்புகள்: கை வைக்காத சுத்தமான இணைப்பு ஒன்று, 60 மில்லிவிநாடி தாமதம், 1 விழுக்காடு இழப்பு ஒன்று, 120 மில்லிவிநாடி தாமதம், 40 மில்லிவிநாடி ஏற்ற இறக்கம், 3 விழுக்காடு இழப்பு, 300 கேபிபிஎஸ் வேகம் ஒன்று. மூன்றாவதில் படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒலி அறுபடக் கூடாது, கால் துண்டிக்கக் கூடாது. படத்தைத் தியாகம் செய்து ஒலியைக் காப்பாற்றுகிறதா உங்கள் செயலி என்பதே அங்கே கேள்வி. நெட்எம் விதியை நீக்கும் கட்டளையைச் சோதனை முடிவில் மட்டுமில்லாமல், அடுத்த சோதனையின் தொடக்கத்திலும் வையுங்கள். நடுவில் ஸ்கிரிப்ட் விழுந்துவிட்டால் பழைய விதி அப்படியே நிற்கும். அலுவலகமே இன்டர்நெட் ஸ்லோ என்று புலம்பும்.

அப்புறம் டர்ன். மொபைல் நெட்வொர்க்குகள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதால், இரண்டு பக்கமும் நேரடியாக இணைய முடியாத கால்கள் நிச்சயம் வரும். விபிஎஸ்ஸில் கோடர்ன் என்ற டர்ன் சர்வர் மென்பொருளை நிறுவி, பியர் கனெக்‌ஷன் அமைப்பில் "ஐஸ்டிரான்ஸ்போர்ட்பாலிசி" என்பதை "ரிலே" என்று வைத்து ஒரு சோதனை எழுதுங்கள். கனெக்ட் ஆனதோடு விடாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட கேண்டிடேட் (இணைய முயலும் முகவரி) ஜோடியின் வகை "ரிலே" தானா என்றும் பாருங்கள். இன்னொரு சோதனையில் ஹாட்ஸ்பாட் லேப்டாப்பின் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) யுடிபியை (மீடியா வழக்கமாகப் போகும் வழி) முழுக்க அடைத்துவிடுங்கள், டிஎன்எஸ்-க்கான 53 தவிர. சில அலுவலக, கல்லூரி நெட்வொர்க்குகள் அப்படித்தான் இருக்கும். 443 போர்ட்டில் டிஎல்எஸ் வழியாக டர்ன் வைத்திருந்தால் கால் தப்பிக்கும். மொபைல் பக்கம் ஐபிவி6 பரவலாகிவிட்டது. டர்ன் சர்வருக்கு இரண்டு வகை முகவரியும் இருக்கட்டும்.

கோடர்னில் காலாவதியாகும் கடவுச்சொல் முறையைப் பயன்படுத்தினால் அதற்கும் ஒரு சோதனை வேண்டும். ஸ்டேஜிங்கில் ஆயுளை இரண்டு நிமிடமாகக் குறைத்து, மூன்றாவது நிமிடத்தில் நெட்வொர்க்கை மாற்றுங்கள். செயலி புதுக் கடவுச்சொல் வாங்காமல் பழையதையே நீட்டினால் மறு இணைப்பு தோற்கும். தயாரிப்பில் ஆயுள் ஒரு மணி நேரமாக இருக்கும்போது, நீண்ட கால்களில் மட்டும், எப்போதாவது வரும் இந்தப் பிழையைக் கையால் தேடிக் கண்டுபிடிப்பது படு கஷ்டம்.

நெட்வொர்க்கை மாற்றுவது எப்படி? "ஏடிபி ஷெல் எஸ்விசி வைஃபை டிசேபிள்". போன் 4ஜிக்குத் தாவும். யுஎஸ்பி இணைப்பு இருப்பதால் சோதனை அறுபடாது. பேசிக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வருகிறவரின் நிலைமை இதுதான். செயலி ஐஸ் ரீஸ்டார்ட் (புது வழியில் மறு இணைப்பு) செய்து, பத்து விநாடிக்குள் வாங்கும் பக்கத்தில் ஃபிரேம் எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்க வேண்டும். திரையில் "இணைக்கிறோம்" என்று செய்தி வந்து போயிருக்க வேண்டும்.

படி 7: நிஜ போன்களின் சேட்டைகள்

மே மாதம் மதுரையில் ஏசி இல்லாத அறையில் மூன்று போனை சார்ஜில் போட்டு இருபது நிமிட வீடியோ கால் ஓட்டினால் போன் அடுப்பாகிவிடும். சூடு ஏறினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் மங்கும், காரணம் "சிபியு" என்று வரும். "ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் பேட்டரி" கொடுத்தால் டெம்பரேச்சர் 412 என்ற மாதிரி ஓர் எண் வரும், அது 41.2 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு சோதனையின் முன்னும் பின்னும் இதைப் பதிந்துவையுங்கள். மதியம் தோற்று இரவில் பாஸ் ஆகும் சோதனைக்குப் பல சமயம் இதுதான் விடை. இதற்காக அறையைக் குளிர்வித்துச் சோதனையைப் பாஸ் ஆக்க வேண்டாம். பயனாளர் வீட்டிலும் அதே வெயில்தான். சூடான போனில் ரெசல்யூஷனைக் குறைத்துச் சமாளிக்கச் செயலிக்குக் கற்றுக்கொடுங்கள்.

இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜில் கிடக்கும் போனின் பேட்டரி உப்பும். டைமர் பிளக் ஒன்று வாங்கிப் போட்டு, சோதனை நேரத்தை ஒட்டி மட்டும் மின்சாரம் கொடுங்கள். திரை அணையாமலிருக்க "ஏடிபி ஷெல் எஸ்விசி பவர் ஸ்டேஆன் யுஎஸ்பி".

பிரவுசர் அப்டேட் அடுத்த தலைவலி. இரவோடு இரவாக பிளே ஸ்டோர் குரோமை மாற்றிவிட்டால், குரோம்டிரைவரின் பதிப்பு பொருந்தாமல் காலையில் எல்லாம் சிவப்பு. ஒரு போனில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவையுங்கள். இன்னொன்றில் குரோம் பீட்டாவைப் போட்டு, வரப்போகும் உடைசலை முன்கூட்டியே பாருங்கள்.

நடுவில் சாதாரண போன் கால் வந்தால் மைக் பறிபோகும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் "ஏடிபி எமு ஜிஎஸ்எம் கால்" கட்டளையால் இதை நடிக்கவைக்கலாம். அந்தக் கால் முடிந்ததும் ஒலி திரும்புகிறதா என்று எனர்ஜி எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். செயலிக்குள் வெப்வியூ (பக்கத்தைக் காட்டும் உள் பிரவுசர்) வைத்திருக்கிறீர்கள் என்றால் அதைத் தனிக் கருவியாகவே எண்ணுங்கள்: ஆண்ட்ராய்டில் கேமரா அனுமதியைச் செயலியே வாங்கித் தர வேண்டும், ஐபோனில் ஐஓஎஸ் 14.3-க்கு முந்தைய டபிள்யூகேவெப்வியூவில் கேமராவே கிடைக்காது.

படி 8: இரவு ஓட்டம்

போன்கள் உங்கள் மேசையில் இருப்பதால், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸோ கிட்லேபோ எதுவானாலும் ரன்னர் (சோதனையை ஓட்டும் புரோகிராம்) உங்கள் லேப்டாப்பிலேயே ஓட வேண்டும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் தெரிந்தால் அன்றைக்கு ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள். சொல்லாமல் போகும் கரண்டுக்கு லேப்டாப்பின் பேட்டரி போதாது, ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும்.

சோதனைக்கு முன் ஒரு முன்சோதனை: எல்லா போனும் ஏடிபி பட்டியலில் இருக்கிறதா, பேட்டரி 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா, டர்ன் சர்வர் பதில் தருகிறதா, பழைய நெட்எம் விதி எதுவும் மிச்சமில்லையா. இதில் எது தோற்றாலும் "ஏற்பாடு சரியில்லை" என்று மஞ்சளில் காட்டுங்கள். செயலியின் தோல்விக்குத்தான் சிவப்பு. இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டினால் பத்து நாளில் சிவப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

தோற்ற சோதனையை மூன்று தடவை திருப்பி ஓட்டி, ஒரு தடவை பாஸ் ஆனால் போதும் என்று அமைப்பது பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்துக்கு மூன்று கால் இணையவில்லை என்றால் பயனாளருக்கும் பத்துக்கு மூன்று இணையாது. திருப்பி ஓட்டுங்கள், ஆனால் எத்தனையாவது முயற்சியில் பாஸ் ஆனது என்பதை அறிக்கையில் எழுதுங்கள். தோல்வியோடு சேமிக்க வேண்டியவை: விநாடிக்கு ஒரு தடவை எடுத்த கெட்ஸ்டாட்ஸ் ஜேசன், இரண்டு பக்க ஸ்கிரீன்ஷாட், கன்சோல் லாக், ஆஃபரும் ஆன்சரும். குரோமில் கையால் தோண்டும்போது "வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ்" பக்கம், ஃபயர்ஃபாக்ஸில் "அபௌட்:வெப்ஆர்டிசி".

எக்கோவை மட்டும் தானியங்கியிடம் விடாதீர்கள். பொய் மைக்கில் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப நுழைவதே இல்லை என்பதால் எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இரண்டு பேர் கதவு சாத்திய இரண்டு அறையில், ஸ்பீக்கரில் போட்டு, ஒருவர் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ண, மற்றவர் நடுநடுவே "கேட்குதா" என்று குறுக்கிட்டுப் பேசட்டும். எண்ணுகிறவருக்குத் தன் குரல் திரும்பிக் கேட்டாலோ, குறுக்கிட்டவரின் குரல் அமுங்கிப் போனாலோ, போன் மாடலையும் பிரவுசர் பதிப்பையும் குறித்துக்கொண்டு வெளியீட்டை நிறுத்துங்கள்.